அப்பாவின் 31ஆம் நாள் மலரில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஊரவர்களுக்கு,

இறந்தவருக்காக 31ஆம் நாளில் வெளியிட்டு, இப்போது கைக்கு வரும் நினைவு மலர்களில் முக்கால்வாசி பஞ்சபுராணமும் (தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்கள்) குடும்பப் படங்களும்தான். வாசிகசாலைக்குக் காணி எடுத்துக் கொடுத்தவருக்கும், கூட்டுறவுச் சங்கக் கடையின் கணக்கை வருடக்கணக்காகப் பார்த்தவருக்கும் கிடைப்பது "சிறந்த சமூகத் தொண்டர்" என்ற ஒரே வரி. எங்கட ஊருக்கு வேறு சரித்திரப் புத்தகம் இல்லை. அந்த ஒரு வரியை நாலு பக்கமாக்க வேண்டும்.

31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டியின் மதியபோசனத்தில் மலர் கொடுக்க வேண்டுமென்றால் 20ஆம் நாளுக்குள் எழுத்து முழுதும் அச்சகத்துக்குப் போகவேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு தொடங்கினால் பன்னிரண்டு நாள்தான் மிஞ்சும். அதில் முதல் வேலை, அவரோடு ஒன்றாக வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்குத் தொலைபேசி எடுப்பது. "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்றுதான் பதில் வரும். சனசமூக நிலையக் காணி எத்தனை பரப்பு, யார் பெயரில் உறுதி எழுதினது, கூரைக்குக் காசு எப்படிச் சேர்ந்தது, வாசிகசாலைக்கு எந்தெந்தப் பேப்பர் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பொருளாளராக இருந்தவர் என்றால் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பற்றியும் கேளுங்கள். கதை தானாக வரும்.

வருடம் யாருக்கும் சரியாக நினைவிராது. பொது நிகழ்வுகளோடு பொருத்திக் கண்டுபிடிக்கலாம்: 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னா பின்னா, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டு நேரமா, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகா. 1960இல் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதும் நல்ல எல்லைக்கல். கூட்ட அறிக்கைப் புத்தகங்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சனம் காணி உறுதியையும் சான்றிதழையும்தான் தூக்கிக்கொண்டு போனது. அத்திவாரக் கல்லில் பொறித்தது மிஞ்சியிருந்தால் ஊரில் இருக்கும் ஒருவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சண்டை வருவது "ஸ்தாபகர்" என்ற சொல்லில். ஒரே வாசிகசாலைக்கு மூன்று மலர்களில் மூன்று ஸ்தாபகர்கள் இருப்பார்கள். பட்டத்தை விட்டுவிட்டு, எந்த ஆண்டு எந்தப் பொறுப்பில் இருந்து என்ன செய்தார் என்று எழுதினால் யாரும் வாய் திறக்க இடமில்லை. வம்சாவளி இன்னொரு கண்ணிவெடி. பெண்வழிப் பேரப்பிள்ளைகளும் முதற்றாரத்துப் பிள்ளைகளும்தான் விடுபடுவார்கள். ஒவ்வொரு கிளைக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பி, "சரி" என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் அடிக்கடி பிழை வருகிறது. ரொறன்ரோவில் யூலை மாதம் இரவு 9 மணிக்கு இறந்து போனவருக்கு யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. கனடாத் திகதியை வைத்து ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் திதி ஒன்று பின்தங்கிப் போகலாம். நேரத்தை மாற்றிவிட்டுப் பாருங்கள்; கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று குருக்களிடம் முதலே கேளுங்கள். இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். ஆண்டுத் திவசமும் இந்தத் திதியில்தான் நிற்கப்போகிறது. வெண்பா எழுதுபவருக்கு வருடம், மாதம், பட்சம், திதி, பெயர், ஊர் போதும். நாலடிக்குள் பட்டங்களைத் திணிக்கச் சொல்லாதீர்கள்.

அச்சு வேலை: நடுவில் கம்பி அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேண்டும். ஏ5 அளவில் முழுப்பக்கப் படத்துக்கு உயரம் சுமார் 2500 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சுவரில் தொங்கும் படத்தைக் கண்ணாடிக்கு மேலால் எடுக்காமல் கழற்றி ஸ்கேன் செய்யுங்கள். பழைய ஆட்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து தருவார்கள். யூனிகோடுக்கு மாற்றும்போது நிறுத்தக்குறிகள் எழுத்தாகும், ஆங்கிலச் சொற்கள் குழம்பும். மாற்றிய பிறகு தாளில் எடுத்து இரண்டு பேர் வாசிக்கவேண்டும், அதில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியாளாக இருந்தால் நல்லது.

அச்சான பிறகு பிடிஎவ் ஒன்றை "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்துக்குக் கொடுக்கலாம். நினைவு மலர்களையும் அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். கொடுக்கும் பிரதியில் பிள்ளைகளின் முகவரி, தொலைபேசி இலக்கங்களை எடுத்துவிடுங்கள்.