பட்ஜெட் லேப்டாப்: எம்.2 எஸ்எஸ்டி போடுவதும், 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓட்டுவதும்

படகுத்துறை:
வணக்கம். செலரான் என்4020 லேப்டாப். 4 ஜிபி ரேம் போர்டிலேயே சால்டர் ஆனது, ஸ்டோரேஜ் 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய மெதுவான மெமரி). விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பத்தவில்லை. அடிமூடியைக் கழற்றினால் எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் கார்டு செருகும் இடம்) ஒன்று காலியாக இருக்கிறது. அடாப்டர் 19 வோல்ட், 2.37 ஆம்பியர். ரங்கூன் கரண்ட் நிலவரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் 12.8 வோல்ட், 50 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) பேட்டரியும் இன்வெர்ட்டரும் உண்டு. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) போடலாமா? இன்வெர்ட்டரை ஓட்டாமல் பேட்டரியிலிருந்தே லேப்டாப்புக்கு எடுக்க முடியுமா?

திருப்புளி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். ஸ்லாட்ல கார்டு உட்காருது என்பதை வச்சு முடிவு பண்ணாதீங்க. எம்-கீ (எஸ்எஸ்டிக்கான வடிவம்) ஸ்லாட்ல சாட்டா (பழைய, மெதுவான எஸ்எஸ்டி வகை), என்விஎம்இ ரெண்டும் பொருந்தும். ஆனா இந்த விலை போர்டுகள் பலதுல ஒண்ணுக்குத்தான் லைன் இழுத்திருப்பான். தப்பானதைப் போட்டா எதுவும் கருகாது, பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங் திரை) டிஸ்க் தெரியாது, அவ்வளவுதான். மாடல் நம்பரைப் போட்டு சர்வீஸ் மேனுவல் பாருங்க. இல்லன்னா கடைக்காரர்கிட்ட ரெண்டு வகையும் செருகிப் பார்த்துட்டு வாங்குங்க. கார்டு முனையில ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டுன்னா பெரும்பாலும் என்விஎம்இ. "பெரும்பாலும்"தான், லேபிளைப் படிங்க. இந்தச் சிப்ல இருக்கறது பிசிஐஇ 2.0 (என்விஎம்இ பேசற பாதை), ஒரு லேனுக்கு (தடத்துக்கு) நொடிக்கு சுமார் 500 எம்பிதான். விலை கூடின என்விஎம்இ வாங்கி அர்த்தமில்லை.

நீளமும் முக்கியம்: 2242-ஆ (42 மிமீ) 2280-ஆன்னு (80 மிமீ) ஸ்க்ரூ மேடை எங்க இருக்குன்னு பாருங்க. வைஃபை கார்டு இருக்கற ஈ-கீ ஸ்லாட்டை இதோட குழப்பிக்காதீங்க.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. லேப்டாப் ஆஃப்ல இருந்தாலும் போர்டுல கரண்ட் இருக்கும். திருப்புளி நழுவினா அங்கேயே ஷார்ட்.

விண்டோஸை க்ளோன் (அப்படியே நகல்) பண்ணாம புதுசா போடுங்க. க்ளோன் பண்ணினா ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாளம், விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன் ஆக்கிடும். அதுக்கு முன்னாடி டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பார்த்து ரிகவரி கீயை எழுதி வைங்க. வைஃபை டிரைவரை பென்டிரைவ்ல தனியா வச்சுக்கங்க. இன்ஸ்டால் முடிஞ்சதும் நெட் வராம முழிக்கறவங்க நிறைய. ரேமைக் கூட்ட வழியில்லை. ஆனா பேஜ் ஃபைல் (ரேம் பத்தாதப்போ விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கற இடம்) எஸ்எஸ்டிக்குப் போனதுமே மெஷின் மூச்சு விடும்.

பியூஸ்_கம்பி:
இரண்டாவது கேள்வி. தாராளமாக எடுக்கலாம், எடுப்பதுதான் லாபம். இந்த லேப்டாப் சாதாரண வேலைக்கு 10 வாட் அளவில்தான் தின்கிறது. பெரிய இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே அதே அளவு போய்விடும்.

தேவை ஒரு ஸ்டெப்-அப் (வோல்ட்டைக் கூட்டும்) மாட்யூல், 12-இலிருந்து 19 வோல்ட். எக்ஸ்எல்6009 சிப் போட்ட சின்ன நீலப் பலகை வேண்டவே வேண்டாம். அடாப்டர் அளவு 45 வாட். 90 சதவீதத் திறன் என்று வைத்தாலும் உள்ளே 4 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சிப்பின் ஸ்விட்ச் உச்சமே 4 ஆம்பியர்தான். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே லேப்டாப் ஓடினால் சூடேறிச் சாகும். ஹீட்சிங்க் வைத்த 150 வாட் மாட்யூல் வாங்குங்கள்.

வயர் 1.5 சதுர மிமீ. பேட்டரியிலிருந்து மேசை 2 மீட்டர் என்றால் போக வர 4 மீட்டர், 4 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட்தான். 0.5 சதுர மிமீ போட்டால் அதுவே 0.6 வோல்ட்டுக்கு நெருக்கமாகப் போகும்.

பாசிட்டிவ் வயரில் 7.5 ஆம்பியர் பியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். இதை விட்டுவிடாதீர்கள். ஸ்டெப்-அப் சுற்றில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே காயிலும் டயோடும் மட்டும்தான். வெளியே ஷார்ட் ஆனால் மாட்யூல் தடுக்காது, பேட்டரி முழு வேகத்தில் கொட்டும்.

லேப்டாப்பைச் செருகும் முன் மல்டிமீட்டரில் 19.0 வைத்து, லாரியின் 24 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டை இணையாக மாட்டி அரை மணி ஓட்டுங்கள். வோல்ட் நகராமல் நின்றால் ட்ரிம்மர் (வோல்ட்டைச் சரிசெய்யும்) திருகின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. திருகு அசைந்து 25 வோல்ட் போனால் போர்டு போச்சு.

12 வோல்ட் அடாப்டருடன் வரும் குட்டி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: "பேட்டரியும் 12 தானே" என்று நேரே கொடுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது எல்எஃப்பி 14.6 வரை போகும். அதற்கு வேண்டியது கூட்டவும் குறைக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் மாட்யூல்.

படகுத்துறை:
மிக்க நன்றி அண்ணே. அடாப்டர் பின்னின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கிறது. அது எதற்கு? டைப்-சி போர்ட்டும் இருக்கிறது, பக்கத்தில் குறி ஏதும் இல்லை.

பியூஸ்_கம்பி:
அந்த ஊசி பெரும்பாலும் அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் வயர். டெல்லில் இதற்கென ஒரு சிப், அடாப்டர் பெட்டிக்குள் இருக்கும். ஆகவே பழைய அடாப்டரின் வயரை மட்டும் வெட்டி ஒட்டினால் பயனில்லை. அடையாளம் கிடைக்காவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி சார்ஜ் ஏறாது, பிராசசர் வேகமும் இறங்கும். உங்கள் பிராண்டுக்கென்றே வரும் கார் அடாப்டரை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

அதற்கு முன் யாரிடமாவது 45 வாட் பிடி (பவர் டெலிவரி, டைப்-சி வழியே லேப்டாப்புக்கும் போதிய வாட் தரும் முறை) சார்ஜர் வாங்கி டைப்-சியில் மாட்டிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் நான் மேலே எழுதிய மாட்யூலை மறந்துவிடலாம்: சிகரெட் லைட்டர் சாக்கெட், பியூஸ், 65 வாட் பிடி கார் சார்ஜர், முடிந்தது. சில சார்ஜரில் 65 என்பது இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்த கணக்கு, அதை மட்டும் கவனியுங்கள்.

மோல்மீன்_மழை:
ஒரு சேர்க்கை. மலிவு ஸ்டெப்-அப்பில் ஓட்டும்போது டச்பேட் கர்சர் தானாகத் துள்ளினால் விண்டோஸைக் குறை சொல்லாதீங்க, அது பெரும்பாலும் வெளியீட்டு ரிப்பிள் (வோல்ட்டின் சிறு அலைவு). மாட்யூலின் வெளிமுனையில் 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ-ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைவான) கப்பாசிட்டர் ஒண்ணு, லேப்டாப் முனைப் பக்கம் ஃபெரைட் கிளிப் (வயர்மேல மாட்டற, இரைச்சலை அடக்கற காந்தப்பொருள் வளையம்) ஒண்ணு. கப்பாசிட்டரின் மைனஸ் பட்டையைப் பார்த்து மாட்டுங்க, திருப்பி மாட்டினா வெடிக்கும். மாட்யூலைப் பெட்டியில் வைக்கும்போது காத்துத் துளையைப் பக்கவாட்டில் போடுங்க. மேல போட்டா நம்ம ஊர் மழைக்காலத்துல ஒழுகற கூரைத்தண்ணி நேரா உள்ளே.