சோழவரம் ரேஸ் பற்றி ஆவணப்படம்: பழைய ரீல், உரிமை, மெக்கானிக்குகளின் பேட்டி

கேள்வி: புதுப்பேட்டை ஸ்பேனர்

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன், கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்த கார், பைக் ரேஸைப் பற்றி ஒரு மணி நேர ஆவணப்படம் எடுக்க இறங்கியிருக்கிறேன். கையில் பெரிய பணம் இல்லை. ஆனால் அப்பா இருக்கிறார். புதுப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். 70-களிலும் 80-களிலும் ரேஸுக்குப் போகும் பத்மினி கார், யெஸ்டி, புல்லட் பைக் என்று பல வண்டிகளுக்கு இன்ஜின் வேலை பார்த்தவர்.

சோழவரத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரே தடத்தில்தான் போகிறது. இரண்டாம் உலகப் போரில் ராயல் ஏர் ஃபோர்ஸ் பயன்படுத்திய ஓடுதளம், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அதன் நிறுவனர்களில் ஒருவரான இந்து சந்தோக், 80-களில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் கார், கோவை கரிவரதனின் ஃபார்முலா மாருதி ரேஸ் கார், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக். எல்லாம் என் படத்திலும் வரும். ஆனால் முந்தின ராத்திரி கண்விழித்து இன்ஜின் ஹெட்டைக் கழற்றிச் சீவி, காற்றும் புகையும் போகும் போர்ட்டைத் தேய்த்து, விடிவதற்குள் வண்டியைக் கிளப்பி அனுப்பினார்களே, அவர்கள் பெயரை நான் எங்கேயும் பார்க்கவில்லை. பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் நல்லபடி பேசும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய மகன், அவர் அப்பா எடுத்த சூப்பர் 8 (வீட்டுக் கேமராவில் போடும் சின்ன ஃபிலிம்) ரீல்கள் உள்ள தகர டப்பாவைக் கொடுத்திருக்கிறார். திறந்தாலே வினிகர் வாடை. இதை எப்படிக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது? படத்தில் போட அவர் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம் போதுமா? அப்புறம், எனக்குப் பெரிய கவலையே இதுதான்: கேமராவை வைத்ததும் அப்பா மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார். "அக்காலத்தில் நாங்கள் மிகுந்த ஆர்வத்துடன் உழைத்தோம்" என்கிறார். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லும் கதை ஒன்றுகூட வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ரீல்பெட்டி

முதலில், அந்த ரீலை எந்தப் பழைய புரொஜெக்டரிலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஃபிலிம் சுருங்கியிருக்கும், புரொஜெக்டரின் பல் ஃபிலிம் ஓரத்து ஓட்டையைக் கிழித்துவிடும். சரியாக இருக்கும் மற்ற ரீல்களிலிருந்து இதைப் பிரித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யுமிடத்தில், பல் சக்கரம் இல்லாமல் ரோலரில் ஓடும் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சுவரில் ஓட்டி அதைக் கேமராவில் படம்பிடித்துத் தருகிற இடங்கள் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ரேஸ் படத்துக்கு உயிரான விஷயம். சூப்பர் 8 வீட்டுப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 18 ஃபிரேமில் எடுத்தவை. அதை அப்படியே 24-ல் ஓடவிட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 90 கிலோமீட்டரில் போன பத்மினி திரையில் 120-ல் பறக்கும். பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது நடக்காத ரேஸ். ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் என்று ஸ்கேன் வாங்கி, எடிட்டிங்கில் 18 என்று நீங்களே வையுங்கள். கொடி ஆட்டுபவர் கையையும் ஓரத்தில் நடப்பவர்களையும் பார்த்தால் வேகம் சரியா என்று தெரிந்துவிடும். டப்பாவில் பழைய ரெகுலர் 8 ரீலும் கலந்திருக்கலாம். அதில் ஓட்டை பெரிதாக, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இருக்கும். அது வழக்கமாக 16.

50 அடி சூப்பர் 8 ரீல் 18-ல் ஓடினால் 3 நிமிடம் 20 நொடிதான். எடுத்தவர் எண்ணி எண்ணித்தான் பட்டனை அழுத்தியிருப்பார். அதனால் ஓட்டத்துக்கு நடுவே வரும் பிட் (வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) காட்சிகளை வெட்டிவிடாதீர்கள். உங்கள் ஆட்கள் அங்கேதான் குனிந்து நின்றிருப்பார்கள்.

பதில்: செங்கல்பட்டு வக்கீல்

வாய்வார்த்தை போதாது தம்பி. ரீல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரிமையும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். படம் எடுத்தவர் காலமாகியிருந்தால் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் போகும். அந்த மகனுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். படத்தின் பதிப்புரிமை 60 வருடம், அந்தக் கணக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும். வீட்டு அலமாரியிலேயே கிடந்த ரீல் வெளியானதாகாது, ஆகவே "பழசுதானே" என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எழுதி வாங்கும்போது எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று இரண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காலத்தைச் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் ஆகிவிடும். நாளைக்குப் படம் வெளிநாட்டு விழாவுக்குப் போனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஓடுதளம் ராணுவத்தின் கையில் உள்ள இடம். எழுத்தில் அனுமதி வாங்காமல் கேமராவோடு போக வேண்டாம், ட்ரோன் பேச்சே வேண்டாம். அந்தக் காலச் செய்திகளுக்குக் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள். 1968 வரை வந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் இதழ்களையும் தேடிப் பாருங்கள்.

பதில்: வைக்கோல் கட்டு ஓரம்

80-களில் செங்குன்றம் தாண்டி சைக்கிளில் போய் வேலி ஓரம் நின்று பார்த்தவன் நான். உங்கள் தலைப்பைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

அப்பாவிடம் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், பத்மினியின் சோலெக்ஸ் ஒன்று உங்கள் ஏரியாவிலேயே கிடைக்கும். துணி விரித்து எதிரே வைத்துவிட்டு, கேமராவை முகத்தில் வைக்காமல் கையில் வையுங்கள். மைக் சட்டையில் இருக்கட்டும். கூட இன்னொரு பழைய மெக்கானிக்கை உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் பொறுக்க மாட்டார், பேச்சு தானாகக் கிளம்பும்.

சத்தத்தில் தயவுசெய்து கோட்டை விடாதீர்கள். ஊமை ரீலுக்கு ஏதோ ஒரு ரேஸ் சத்தத்தை ஒட்டிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்திலேயே படத்தை நம்புவதை விட்டுவிடுவோம். யெஸ்டி டூ ஸ்ட்ரோக், புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். ராஜ்தூத் 350 இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், தூரத்திலிருந்தே அது கிழித்துக்கொண்டு வருவது தெரியும். மூன்றுமே இன்னும் சென்னையில் ஓடுகின்றன, புதிதாகவே பதிவு செய்யலாம். எது எந்த வண்டிச் சத்தம் என்று அப்பாவையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதில் படத்தை முடிக்காதீர்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சோழவரம் அதற்கு ஒரு முன்கதை என்று ஆகிவிடும். அந்த ஊர் ரேஸ் தன்னளவிலேயே நினைவில் வைக்கத் தக்கது.

பதில்: புதுப்பேட்டை ஸ்பேனர்

மூவருக்கும் நன்றி. வைக்கோல் கட்டு அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன், சோலெக்ஸை மட்டும் வைத்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மூடியைக் கழற்றி, பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள மெயின் ஜெட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கான். ஓட்டை பெருசாயிடுச்சு, பெட்ரோல் கூடப் போகும், பிளக் கறுத்துடும்" என்றார். அங்கிருந்து ஆரம்பித்தவர்தான். பிளக் முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால்தான் வண்டியை அனுப்புவார்களாம். முதலாளி "போதும், அனுப்பு" என்றாலும் இவர்கள் மறுபடி கழற்றிப் பார்ப்பார்களாம். தன்னோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் யார் எந்த வேலையில் கெட்டிக்காரர் என்பதையும் அவராகவே சொல்லிக்கொண்டு போனார். எல்லாம் பதிவாகியிருக்கிறது.

வக்கீல் சார், மகனுக்கு ஒரு அக்கா இருக்கிறார், திருச்சியில். இருவரிடமும் கையெழுத்து வாங்கக் கடிதம் எழுதிவிட்டேன், 20 ஆண்டு, எல்லா நாடுகளும் என்று. ரீல்பெட்டி சார், ரோலர் மெஷின் உள்ள ஒரு இடத்தில் பேசியிருக்கிறேன், ஃபிரேமுக்கு ஃபிரேம் தருகிறார்கள்.

சோழவரத்துக்கு வண்டி தயார் செய்த மெக்கானிக், லேத் வேலைக்காரர், வெல்டர் யாராவது உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருந்தால் தனிமடலில் எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நான் வருகிறேன், சோலெக்ஸையும் எடுத்துக்கொண்டு.