ரியாக்டர் சூடு 34-லிருந்து 24-க்கு இறங்கிவிட்டது, கேஸ் பாதிதான் வருகிறது. பாக்டீரியா செத்துவிட்டதா?

ஷிப்ட்_ஆபரேட்டர்:
வணக்கம். பால் பொருள் ஆலைக் கழிவுநீருக்கு யூ.ஏ.எஸ்.பி ரியாக்டர் (பாக்டீரியாச் சேற்றின் ஊடாகக் கழிவுநீர் கீழிருந்து மேலே போகும், காற்றில்லாத தொட்டி) ஓட்டுகிறோம். உள்ளே வரும் நீரின் சி.ஓ.டி (கழிவு எவ்வளவு என்று காட்டும் ஆக்சிஜன் தேவை) சுமார் 4000 மி.கி/லி. ஆலையில் வெந்நீரின் சூட்டை மீட்க ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டார்கள். அதன்பிறகு ரியாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக 24 டிகிரிக்கு வந்துவிட்டது. கேஸ் பாதியாகிவிட்டது, வெளியேறும் நீர் கலங்கலாக இருக்கிறது. பிஹெச் மட்டும் 7.0-ல் அசையாமல் நிற்பதால், எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள். புது ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) கொண்டுவந்து போட வேண்டுமா?

கழிவுநீர்_கிறுக்கன்:
பிஹெச்சை நம்பாதீர்கள். காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கிச் சமன்செய்யும் திறன்) தீரும்வரை அது அசையாது, அசையும்போது காலம் கடந்திருக்கும். வி.எஃப்.ஏ (நீரில் சேர்ந்திருக்கும் கொழுப்பு அமிலங்கள்) எவ்வளவு? காரத்தன்மை எவ்வளவு?

ஷிப்ட்_ஆபரேட்டர்:
வி.எஃப்.ஏ 620, காரத்தன்மை 1300. முன்பு வி.எஃப்.ஏ 200-ஐத் தாண்டியதில்லை.

கழிவுநீர்_கிறுக்கன்:
அப்படியென்றால் விகிதம் 0.48. பொதுவாக 0.3-க்குள் இருந்தால் நிம்மதி. அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவைவிட அதைத் தின்று மீத்தேன் ஆக்கும் கூட்டத்துக்குத்தான் குளிர் அதிகம் ஒத்துக்கொள்ளாது. 35 டிகிரி வாக்கில் நன்றாக வேலை செய்பவை, 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ பாதி வேகத்துக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் அதே அளவு தீனி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முதல் வேலை: ஃபீடை, அதாவது உள்ளே விடும் கழிவுநீரை, பாதியாக்குங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். வி.எஃப்.ஏ இறங்கினால் மெல்ல ஏற்றலாம்.

செத்ததா என்று தெரிய ஒரு சோதனை. ரியாக்டர் அடியிலிருந்து ஸ்லட்ஜ் எடுத்து இரண்டு பாட்டில்களில் அடைத்து, கொஞ்சம் அசிட்டேட் (மீத்தேன் ஆக்கும் கூட்டத்தின் தீனி) போட்டு, ஒன்றை 35 டிகிரியிலும் இன்னொன்றை 24-லும் வையுங்கள். சூடான பாட்டிலில் கேஸ் நன்றாக வந்தால், ஸ்லட்ஜ் உயிரோடுதான் இருக்கிறது. புது ஸ்லட்ஜ் வாங்கும் பேச்சையே எடுக்க வேண்டாம்.

பாய்லர்_பக்கம்:
பயோகேஸை எரித்தே சூடேற்றிக்கொள்ளலாமே?

கழிவுநீர்_கிறுக்கன்:
கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ சி.ஓ.டி நீங்கினால் சுமார் 0.35 கன மீட்டர் மீத்தேன். 4000-ல் 80% நீங்கினால் ஒரு கன மீட்டர் நீருக்கு 1.1 கன மீட்டர் மீத்தேன், அதாவது ஏறக்குறைய 40 மெகாஜூல். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 மெகாஜூல் வேண்டும். முழுக் கேஸையும் எரித்தாலே 9 டிகிரிதான் தேறும், பாய்லர் இழப்பு போனால் 7 சொச்சம். இப்போது கேஸே பாதி. எக்ஸ்சேஞ்சருக்கு பைபாஸ் போட்டு, சூடான நீரில் ஒரு பகுதியை நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மிச்சமாகும் சூட்டை இங்கே கேஸ் இழப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லேப்_அக்கா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பால் கழிவு என்பதால் கொழுப்பையும் பாருங்கள். 24 டிகிரியில் அது கெட்டியாகி ஸ்லட்ஜ் மணிகளில் (பாக்டீரியா திரண்ட சிறு உருண்டைகள்) ஒட்டும், மணி மிதந்து வெளியேறும். குளிர்ந்த நீர் கொஞ்சம் பிசுபிசுப்பாவதால் படிவதும் மெதுவாகும். வெளியேறும் நீரை ஒரு பீக்கரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் கரு மிளகு மாதிரி மணிகள் தங்கினாலோ, மேலே மஞ்சள் ஏடு படிந்தாலோ ஸ்லட்ஜ் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஷிப்ட்_ஆபரேட்டர்:
பீக்கரில் இரண்டுமே இருக்கிறது அக்கா. ஃபீடைக் குறைத்துவிட்டோம். 35 டிகிரி பாட்டிலில் கேஸ் நன்றாகவே வருகிறது. பைபாஸுக்கும் ஒப்புக்கொண்டார்கள். உடனே 34-க்கு ஏற்றிவிடலாமா? பிஹெச் இறங்காமலிருக்க சோடா போட வேண்டுமா?

லேப்_அக்கா:
ஒரே நாளில் வேண்டாம். நாளுக்கு ஒரு டிகிரி போதும். சூடான நீர் நேராக ரியாக்டருக்குள் போகாமல் தொட்டியிலேயே கலந்து போகட்டும். 40-க்கு மேல் போனால் இந்தக் கூட்டம் தாங்காது. சோடா இப்போது வேண்டாம், பிஹெச் 6.8-க்குக் கீழே வந்தால் பார்க்கலாம். அதுவரை வி.எஃப்.ஏ-வைத் தினமும் பாருங்கள். மேல் ஏட்டை வழித்துவிடுங்கள், இல்லையென்றால் கேஸ் வெளியேறும் வழியை அடைத்துக்கொள்ளும்.