50 மீட்டருக்கு எந்த பெல்லட்: 8.44 கிரெய்னா, 10.34 கிரெய்னா?

தென்னந்தோப்பு:
வணக்கம். என்னுடையது 4.5 மி.மீ. பி.சி.பி. ஏர் ரைபிள் (முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது), அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உள்ளது. பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில் உயரமான மண்மேட்டுக்கு முன்னால் 50 மீட்டரில் காகித இலக்கு வைத்துச் சுடுகிறேன். ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் பெல்லட்டில் (ஈயக் குண்டு) இரண்டு எடைகள் வாங்கினேன்; ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம். 8.44 கிரெய்ன் வினாடிக்கு 258 மீட்டர் வேகத்தில் போகிறது, 10.34 கிரெய்ன் 238 மீட்டர். சனிக்கிழமை இலேசானது ஐந்து குண்டுகளை 19 மி.மீ.க்குள் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே பெல்லட் 44 மி.மீ. பரவியது, கனமானது 26 மி.மீ. டப்பா மலிவாகக் கிடைப்பதில்லை. எதை மொத்தமாக வாங்குவது?

கொங்கு வேலன்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், கனமானதை வாங்குங்கள். நம் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தெரியும்தானே? ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அரை கிராம் ஈயம் எம்மாத்திரம்! பன்னிரண்டு ஆண்டுகளாக 50 மீட்டரில் சுடுகிறேன். இலேசான பெல்லட் காலை ஏழு மணிக்கு அழகாகப் போகும், ஒன்பது மணிக்கு மேல் கைவிட்டுவிடும்.

லெஸ்டர் தமிழன்:
வேலன் அண்ணா, மன்னிக்க வேண்டும், இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. நான் இங்கிலாந்தில் ஃபீல்டு டார்கெட் போட்டிகளில் சுடுகிறேன்; வெவ்வேறு தொலைவில் வைத்த தகர உருவங்களை, தொலைவை நாமே கணித்துச் சுட வேண்டும். கடைசித் தொலைவு 55 கஜம், அதாவது 50 மீட்டர். தகர உருவத்திலுள்ள 40 மி.மீ. வட்டத்துக்குள் பட்டால்தான் அது விழும். என் மன்றத்தில் பெரும்பாலானோர் சுடுவது 8.44 கிரெய்ன்தான்.

காற்று பெல்லட்டைத் தள்ளும் அளவு எடையை மட்டும் பொறுத்ததல்ல. காற்றே இல்லாத வெளியில் இலக்கை அடைய ஆகும் நேரத்தைவிட, உண்மையில் எவ்வளவு கூடுதல் நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். கனமான பெல்லட் தன் வேகத்தை நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் புறப்படும்போதே மெதுவாகத்தானே புறப்படுகிறது? தம்பி கொடுத்த வேகங்களை வைத்துக் கணக்கிட்டேன். பாலிஸ்டிக் கெழு (பெல்லட் வேகத்தைத் தக்கவைக்கும் திறனின் அளவு) 8.44க்கு 0.021, 10.34க்கு 0.0245 என்று எடுத்துக்கொண்டேன். வினாடிக்கு 1 மீட்டர் பக்கக்காற்றுக்கு இலேசானது ஏறத்தாழ 35 மி.மீ. விலகுகிறது, கனமானது 33 மி.மீ. இரண்டே மில்லிமீட்டருக்காகப் பெல்லட் கூடுதலாகக் கீழிறங்குவதை ஏற்க வேண்டுமா? தொலைவை ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் கனமானதில்தான் தண்டனை அதிகம்.

கொங்கு வேலன்:
உங்கள் கணக்கு உங்கள் ஊருக்குப் பொருந்தும். அங்கே உரிமம் இல்லாத ரைபிளுக்கு ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, 16 ஜூல் சொச்சம். இங்கே 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலில் 20 ஜூல் வரை உரிமம் கேட்பதில்லை. அந்த நான்கு ஜூல் சின்ன விஷயம் அல்ல. 20 ஜூலில் 10.34 கிரெய்ன் பெல்லட் 244 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அது நீங்கள் 8.44 சுடும் வேகம்தானே? உங்களுக்கு இலேசானது தரும் தட்டையான பாதையை எங்களுக்குக் கனமானது தருகிறது.

தம்பி தோப்பில் சுடுகிறார், 50 மீட்டரை நாடா பிடித்து அளந்திருக்கிறார். தொலைவை எதற்காகத் தவறாகக் கணிக்கப் போகிறார்? மேலும், கெழு எல்லா வேகத்திலும் ஒன்றாக இருக்காது. டயபோலோ பெல்லட் (நாம் சுடும் இடுப்பு ஒடுங்கிய வகை) ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் பிடி இறுகும். 258 மீட்டரில் உங்கள் 0.021 நிற்குமா என்று அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

லெஸ்டர் தமிழன்:
ஆற்றல் வரம்பு பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கெழுவை நான் அளந்தது 240 மீட்டரில். 258இல் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ‘கனமானது காற்றில் அசையாது’ என்று புதியவர்களிடம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதை நம்பிக் காற்றைப் படிக்கக் கற்காமலே இருந்துவிடுகிறார்கள்.

தராசு:
எடை எது என்று இருவரும் வாதிடுகிறீர்கள். ஒரே டப்பாவுக்குள் இருக்கும் எடை வேறுபாட்டை யாரும் பேசவில்லை. ஒவ்வொரு பெல்லட்டையும் எடைபோட்டு 0.1 கிரெய்ன் இடைவெளியில் பிரித்து வைக்கிறேன். மேல்கீழ்ப் பரவல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

லெஸ்டர் தமிழன்:
10.34இல் 0.1 கிரெய்ன் என்பது ஒரு சதவீதம். வேகம் அரை சதவீதம் மாறும். 50 மீட்டரில் மேல்கீழாக அது 3 மி.மீ. கன்னத்தில் உணர முடியாத ஒரு மெல்லிய காற்று அதைப் போல் பல மடங்கு தள்ளிவிடும்.

தராசு:
காற்றைப் பார்த்து நான் திருத்திக்கொள்ளலாம். இலையும் புல்லும் சொல்லும். பெல்லட்டின் எடையைச் சுடும் நேரத்தில் எந்தப் புல் சொல்லும்? திருத்த முடியாத பிழையை வீட்டிலேயே களைந்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. 3 மி.மீ. என்றாலும் அது என் 3 மி.மீ.

பத்துமீட்டர் மலர்:
நான் கல்லூரி நாட்களில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டவள். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. எடையைவிடத் தலையின் விட்டத்துக்கே அங்கே மரியாதை. 4.49, 4.50, 4.51 என்று வாங்கி, ரைபிளைப் பிடியில் இறுக்கி வைத்து, ஒவ்வொரு லாட்டாக (ஒரே தடவையில் செய்த தொகுதி) சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம். குழல் எதை ஏற்கிறது என்பதை டப்பாவின் மேல் அச்சிட்ட எண் சொல்லாது. அதே பெயர், அதே எடை, பெல்லட்டைச் செய்த அச்சு மட்டும் வேறு என்றால் அது வேறு பெல்லட். ஆகவே தம்பி, நல்ல லாட் கிடைத்தால் அதிலேயே பத்து டப்பா வாங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: 10 மீட்டர் தட்டைத்தலை பெல்லட்டை 50 மீட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். காகிதத்தில் வட்டமாக வெட்டுவதற்காகவே செய்த தலை அது. தூரத்தில் காற்றை முட்டி வேகத்தை இழந்து சிதறும்.

தென்னந்தோப்பு:
நன்றி அக்கா. ஸ்லக் (இடுப்பில்லாத, தோட்டா போன்ற நேர் உருளைக் குண்டு) போட்டுப் பார்க்கலாமா? அமெரிக்காவில் 100 கஜம் சுடுகிறவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசுகிறார்களே.

கொங்கு வேலன்:
வேண்டாம். டயபோலோ பெல்லட்டுக்கு இடுப்பும் உள்ளீடற்ற பின்பாகமும் உண்டு. எடை முன்னால், காற்றின் இழுவை பின்னால். இறகுப்பந்து போலத் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். ஸ்லக்குக்கு அந்த வசதி கிடையாது, சுழற்சி ஒன்றுதான் அதற்குத் துணை. அதற்கேற்ற குழல் உட்புரியும் வேகமும் பெரிய குழலும் வேண்டும். அரிசோனாவில் எக்ஸ்ட்ரீம் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் சுடுகிறவர்களின் ரைபிள்கள் நம் 20 ஜூலுக்கு அடங்குபவை அல்ல.

லெஸ்டர் தமிழன்:
இதில் அண்ணாவோடு முழுமையாக உடன்படுகிறேன்.

தென்னந்தோப்பு:
இன்று காலை சுட்டு முடித்தேன். காற்று இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒன்று விட்டு ஒன்றாக, வகைக்கு 25 குண்டுகள். 8.44: அகலம் 52, உயரம் 21 மி.மீ. 10.34: அகலம் 45, உயரம் 33 மி.மீ. அகலத்தில் கனமானது வென்றது, உயரத்தில் தோற்றது. இப்போது குழப்பம் கூடிவிட்டது.

கொங்கு வேலன்:
அகலம்தான் காற்று. ஏழு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறதே! நான் சொன்னது இதுதான்.

லெஸ்டர் தமிழன்:
உயரத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்து ஏழை வாங்குவதா அண்ணா?

தராசு:
எடை பிரிக்காமல் சுட்டால் உயரம் 33 வரத்தான் செய்யும்.

பத்துமீட்டர் மலர்:
மூவரும் கொஞ்சம் பொறுங்கள். எடை வேறுபாடு மட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தராது. ஒன்று விட்டு ஒன்றாகச் சுட்டதில்தான் எனக்குச் சந்தேகம். பெல்லட்டை மாற்றினால் குழலுக்குள் முந்தையது விட்ட ஈயப்படிவும் மசகும் மாறிப் புதியதற்குப் பழக இருபது முப்பது குண்டுகளாவது ஆகும். இவரோ ஒவ்வொரு குண்டுக்கும் குழலைக் குழப்பியிருக்கிறார். நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் உயரம் பெல்லட்டின் குணமா, குழலின் தடுமாற்றமா என்று இந்தக் காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

லெஸ்டர் தமிழன்:
தனித்தனியாகச் சுட்டால் இடையில் காற்று மாறிவிடுமே அக்கா? அதைத் தவிர்க்கத்தானே அவர் மாற்றி மாற்றிச் சுட்டார்?

பத்துமீட்டர் மலர்:
மாறும். அதனால்தான் ஒரே நாளில் முடிவுகட்ட வேண்டாம் என்கிறேன். முதல் நாள் 30 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பிறகு கனமானது 25. மறுநாள் அதே நேரத்தில் இலேசானது, அதே முறையில். அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள். உயரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்; அகலம் அன்றைய காற்றின் கணக்கு. சுட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள், ஈயம் விஷம்.

கொங்கு வேலன்:
அகலத்தை ஒதுக்கினால் என் கட்சியையே ஒதுக்கியதாக ஆகும், மலர். இலக்குக்குப் பக்கத்தில் குச்சியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடட்டும். நூல் ஒரே சாய்வில் நிற்கும்போது சுட்டவற்றை மட்டும் எண்ணட்டும். அப்போது அகலமும் பேசும்.

தென்னந்தோப்பு:
நூல் கட்டிவிட்டேன் ஐயா. இரண்டிலும் ஒரே லாட்டில் இரண்டிரண்டு டப்பாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்துவிடும். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கனமானதில் தொடங்குகிறேன்.