செம்பனை லோரிகளுக்குக் கரிமக் கணக்கு கேட்கிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆறு லோரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றில், அப்பா தொடங்கிய லோரித் தொழிலை நடத்தி வருகிறேன். ஆறு லோரிகள் இருக்கின்றன. நான்கு லோரிகள் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்கின்றன. மற்ற இரண்டும் டேங்கர்கள், ஆலையின் கச்சா எண்ணெயை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன.

எண்ணெய் வாங்கும் நிறுவனம், அடுத்த குத்தகைக்கு விலை கொடுக்கும்போது ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கரிம வாயு (கார்பன் டை ஆக்சைடு) வெளியாகிறது என்ற கணக்கையும், அதைக் குறைப்பதற்கான திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆக ஏறியபோதே என் டீசல் ரசீதுகளை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மானிய அட்டை கிடைத்த லோரிகளுக்குப் பழைய விலையே நீடித்ததால், அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஒருவர் வந்து டீசல் குழாயில் மாட்டும் காந்தத்தை விற்கப் பார்க்கிறார். இன்னொருவர் மின்சார லோரியின் விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உண்மையில் எதைச் செய்தால் டீசலும் குறையும், கணக்கும் குறையும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பட்டறைக்காரர்

தம்பி, காந்தத்துக்கு ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். டீசலில் காந்தம் பிடித்து இழுக்க எதுவும் கிடையாது. முப்பது ஆண்டுகளாக லோரிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன். அதை மாட்டி மிச்சம் பிடித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

முதலில் பின்சக்கரங்களின் உட்புற டயர்களைப் பாருங்கள். இரட்டைச் சக்கரத்தில் வெளி டயர் கண்ணுக்குத் தெரியும், உள் டயர் தெரியாது. அதில் காற்று பாதி போயிருந்தாலும் பளுவை வெளி டயர் தாங்கிக்கொண்டு ஓடும் என்பதால் ஓட்டுநருக்கு எந்த வித்தியாசமும் தோன்றாது. காலையில் புறப்படும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டச் சொல்லுங்கள். காற்று நிறைந்த டயர் கம்பியை எகிற வைக்கும். குறைந்த டயரில் மொத்தென்று ஒரு சத்தம்தான் வரும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் லோரிகளில் இரண்டு டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எல்லா டயர்களிலும் 10 பிஎஸ்ஐ குறைவாக இருந்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பார்கள். கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் இதற்கு முதலீடே தேவையில்லை.

டேங்கர்களுக்கு வேகம்தான் முக்கியம். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால், 80-இல் ஓடும் லோரி 90-க்குப் போனால் அந்தத் தடை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 150 கிலோமீட்டர் முழுவதும் அதே வேகத்தில் ஓட முடிந்தாலும் மிச்சமாவது பன்னிரண்டு நிமிடம். அந்த நிமிடங்களைத் துறைமுக வாசல் வரிசையில் நின்றே இழக்கப் போகிறீர்கள்.

பதில் 2: ஷா ஆலம் பொறியாளர்

பட்டறைக்கார ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கணக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் அங்கேதான் தவறுகிறார்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரிம வாயு வெளியாகும். இங்கே நிரப்பப்படும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. அந்தப் பங்கைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதால் வாங்குபவரிடம் எந்த எண்ணைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரக்குப் போக்குவரத்துக்கான உலகத் தர முறையான ஐஎஸ்ஓ 14083, 2023-இல் வெளியானது. அதன்படி காலியாகத் திரும்பும் பயணத்தின் டீசலும் சரக்கின் கணக்கிலேயே சேரும். ஆகவே ‘ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று ஓட்டுநரிடம் கேட்பதை விட்டுவிட்டு, ‘ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர்’ என்று கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 டன் குலையுடன் 20 கிலோமீட்டர் போய்க் காலியாகத் திரும்பும் லோரி, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடினால் 13 லிட்டர் செலவாகும். ஆலை வாசலில் இன்ஜின் அணையாமல் மூன்று மணி நேரம் நின்றால், மணிக்கு 2 லிட்டர் வீதம் இன்னொரு 6 லிட்டர். ஆக 19 லிட்டர், ஏறத்தாழ 51 கிலோ கரிம வாயு. ஒரு டன் குலைக்கு 5 கிலோ. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சக்கரம் உருளாமலே எரிந்தது.

மின்சார லோரியைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். தீபகற்பத்தின் மின்சாரம் பெரிதும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரிம வாயு வெளியாகிறது. கனமான டேங்கர் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுத்தால் 0.9 கிலோ; அதே அளவு டீசல் லோரி 100 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் குடித்தால் கிலோமீட்டருக்கு 0.94 கிலோ. டீசலைத் தோண்டி எடுத்துச் சுத்திகரிக்கும்போது வெளியாகும் வாயுவையும் சேர்த்தால் மின்சாரம் முந்தும், ஆனால் விற்பவர் சொல்வதைப் போலச் சுழியமாகிவிடாது. குலை லோரியின் கதை வேறு. குறுகிய தூரம், நாளெல்லாம் அதே ஆலைக்கு வந்து போகும் வேலை. அந்த ஆலையோ பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்துத் தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது. ஆலை வளாகத்தில் மின்னூட்ட அனுமதித்தால் மட்டும் அந்த விலைப்பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற கிராணி

எங்கள் தோட்டத்தில் குலைகளை எருமை வண்டியில் சாலையோரம் கொண்டுவந்து கொட்டிய காலத்தில் நான் கணக்கெழுதினேன். எருமைக்கு டீசல் கணக்கு இல்லை, புல் கணக்குதான்.

தெலுக் இந்தான் ஒரு காலத்தில் கப்பல் வந்து போன ஊர் என்பதை இளையவர்கள் மறந்துவிட்டார்கள். தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்தபோது, 1893-இலேயே தாப்பா ரோடு நிலையத்திலிருந்து இங்கே இரயில் பாதை வந்துவிட்டது. இன்று அந்தக் கிளைப்பாதை இல்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், அதே பளுவை அதே தூரம் இழுக்க லோரிக்குத் தேவைப்படும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் நான்கில் ஒரு பங்கே இரயிலுக்குப் போதும். தாப்பா ரோடு வழியே போகும் முதன்மைத் தடத்தில் இரட்டைப் பாதை போட்டு மின்கம்பியும் கட்டிய பிறகும் சரக்கு இரயிலை டீசல் இன்ஜின் இழுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆயினும் ஆறு லோரி வைத்திருப்பவரிடம் இரயிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தாப்பா ரோடு வரை லோரியில் ஏற்றி, அங்கே இறக்கி, மீண்டும் ஏற்றும் செலவு இந்த 150 கிலோமீட்டருக்குக் கட்டுப்படியாகாது.

உங்கள் கையில் இருப்பது திரும்பும் பயணம். ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் வெறுங்குலை, வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது தோட்டத்துக்கு எருவாகத் திரும்பத்தான் வேண்டும். பல இடங்களில் அதற்கென்று தனி லோரி ஓடுகிறது. உங்கள் லோரி காலியாக அதன் பின்னாலேயே போகிறது! தோட்ட நிர்வாகத்திடம் பேசி அந்த வேலையையும் கேளுங்கள். ஆனால் வெறுங்குலையை ஓரிடத்தில் குவித்துவிட்டு வராதீர்கள். குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும், பிறகு பழி லோரிக்காரன் மேல் விழும். ஓரடுக்காகப் பரப்புவது யார் பொறுப்பு என்பதைக் குத்தகைத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எடைக்கு மேல் ஏற்றினால் டன் கணக்கு அழகாகக் குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிரேக் தாங்காது.

மறுமொழி: ஆறு லோரிக்காரன்

மூவருக்கும் நன்றி. கிராணி ஐயா, வெறுங்குலை பற்றி ஒரு தோட்டத்தில் பேசியிருக்கிறேன், மறுக்கவில்லை.

பொறியாளர் சொன்ன மூன்று மணி நேரம் என் லோரிகளுக்கு அப்படியே பொருந்துகிறது. நேற்று முன்தினம் நானே ஒரு லோரியில் ஏறிப் போனேன். ஆலையின் பெயர் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்கு எங்களுக்கு முன்னால் பதினொரு லோரிகள் நின்றன. வரிசை கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு லோரி நீளம் நகர்கிறது. அணைத்து அணைத்து இயக்கினால் ஸ்டார்ட்டர் போய்விடும் என்று ஓட்டுநர் இன்ஜினை அணைப்பதில்லை, குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறைக்காரர் இதற்கு என்ன சொல்வீர்கள்?

பதில் 4: பட்டறைக்காரர்

பேட்டரி நன்றாக இருந்தால் ஒரு மதியத்தில் பத்து முறை இயக்குவதால் ஸ்டார்ட்டர் கெடாது. ஆனால் டர்போ இன்ஜினை ஏற்றம் ஏறி வந்த உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொல்லுங்கள். வெயிலில் அவரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டுக் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. வாசலருகே நிழற்கூரையும் ஒரு பெஞ்சும் போட்டு, முறை எண் கொடுத்து அழைக்கச் சொல்லி ஆலையிடம் கேளுங்கள்.

அதைவிட நல்லது தொட்டி மாற்றும் முறை. கொக்கி வைத்து இழுக்கும் தொட்டி உங்கள் லோரிகளில் இருந்தால், நிறைந்த தொட்டியை ஆலையில் இறக்கி வைத்துவிட்டு, எடை குறித்த காலித் தொட்டியுடன் உடனே புறப்பட்டுவிடலாம். லோரிக்கு இரண்டு தொட்டி வீதம் வேண்டும்.

மறுமொழி: ஆறு லோரிக்காரன்

நான்கில் மூன்று லோரிகள் கொக்கி வகைதான். திங்கட்கிழமை ஆலை மேலாளரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். தாமதமான குலையில் எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் கொழுப்பமிலம் ஏறுவது அவருக்கும் நட்டம் என்பதால், தொட்டிக்கு இடம் கேட்பதை அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வரிசையில் நின்ற நேரத்தைக் குறித்துவைக்க நான்கு ஓட்டுநர்களுக்கும் நேற்றே நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரக் கணக்கை இங்கேயே பதிவிடுகிறேன்.