ஓர்வியேத்தோ ஜாஸ் விழா: ரோமிலிருந்து போய் வரலாமா, அங்கேயே தங்க வேண்டுமா?

தூங்காமூஞ்சி கேட்டது:

டிசம்பர் 29இலிருந்து ரோமில் இருப்போம். நான், மனைவி, அம்மா. பக்கத்து ஊரான ஓர்வியேத்தோவில் அதே நாட்களில் உம்ப்ரியா ஜாஸ் வின்டர் என்ற இசை விழா நடப்பது இப்போதுதான் தெரிந்தது. ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தானாம். சாயங்காலம் போய் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம். ஜாஸ் எங்கள் மூவருக்கும் புதிது.

கொன்றை:

இரண்டு தடவை போனவள் சொல்கிறேன், ஒரு ராத்திரியாவது தங்குங்கள். முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். ஊர் இருப்பது பாறை உச்சியில், ரயில் நிலையம் அடிவாரத்தில். நடுவே கம்பியில் இழுபடும் மலை ரயில், ஃபுனிகுலர் என்பார்கள். தெயாத்ரோ மான்சினெல்லி அரங்கில் கச்சேரி சூடுபிடிக்கிற நேரத்தில் ரயிலைப் பிடிக்க எழுந்து ஓடினேன். ஃபுனிகுலர் அன்றைக்கு ஓய்ந்துவிட்டிருந்தது. டாக்ஸிக்குக் காத்து நின்றதில் காதே மரத்துப்போனது. கேட்ட பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை.

அறை எடுக்கும்போது முகவரியில் 'ஸ்காலோ' என்று இருந்தால் அது கீழே. நான் ஏமாந்தது அதில்தான். 'நடக்கும் தூரம்' என்றார் விடுதிக்காரர். நடக்கலாம், செங்குத்தாக!

மான்சினெல்லி 1866இல் திறக்கப்பட்ட அரங்கு, லாட வடிவில் அடுக்கடுக்காக மாடங்கள். மேடையை ஒட்டிய மாடத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள், பாதி மேடைதான் தெரியும். எனக்கு டிரம்ஸ்காரரின் முழங்கை மட்டும் கிடைத்தது.

ஆனால் புதியவர்களுக்கு ஜாஸ் பிடிபடுவது தெருவில்தான். ஃபங்க் ஆஃப் என்று ஒரு குழு பல வருடங்களாக இந்த விழாவுக்கு வருகிறது. டஸ்கனி மாநிலத்தின் விக்கியோ ஊர்க்காரர்கள், 1998இல் தொடங்கிய குழு. கோர்சோ கவூர் தெருவில் சாக்ஸபோன், டிரம்பெட், உடம்பைச் சுற்றிக்கொண்ட பெரிய பித்தளைக் குழல் எல்லாம் ஆடிக்கொண்டே வரும். தெரு குறுகல், இரண்டு பக்கமும் கல் சுவர், சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். ஒருவர் கையுறையில் விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார், விரல்கள் சிவந்திருந்தன. ஒரு பாட்டி கடைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். இதற்கு டிக்கெட் கிடையாது.

சாப்பாடு: 31ஆம் தேதி ராத்திரி பல உணவகங்களில் ஒரே விருந்துதான், முன்பே சொல்லி வையுங்கள். புது வருடத்துக்குப் பணம் வரும் என்று லென்டில்ஸ் சாப்பிடுவார்கள். பருப்புதானே என்று அம்மா கை வைத்துவிடப் போகிறார், கூடவே பன்றிக்கறி இருக்கும். உம்ப்ரிகெல்லி கேளுங்கள்: மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் திரித்த தடித்த பாஸ்தா. தக்காளி, மிளகாய்ச் சாறோடு 'அர்ராபியாத்தா' என்று கேட்டால் அம்மாவுக்கு நாக்குக்கு உயிர் வரும்.

பாறைப்பல்லி:

ஜனவரி 1 சாயங்காலம் தேவாலயத்தில், அதாவது துவோமோவில், காஸ்பெல் (கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டு) பாடகர் குழுவோடு பூசை நடக்கும். 1290இல் கட்டத் தொடங்கிய கோயில், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சுவர். உள்ளே கூட்டம் நெருக்கும், அம்மாவை முன்கூட்டியே உட்கார வைத்துவிடுங்கள். கல் தரை, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி.

தூங்காமூஞ்சி:

சரி, 31 ராத்திரிக்கு மேலேயே அறை பார்க்கிறேன். சான் பாத்ரீத்ஸியோ கிணறு என்று ஒன்று இருக்கிறதாமே, அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கொன்றை:

வேண்டாம்! 248 படி இறங்கணும், அப்புறம் 248 ஏறணும். 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்னது. இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு தனிச் சுழல் படிக்கட்டு. நீங்களும் மனைவியும் போங்கள். வாசல் ஃபுனிகுலர் மேல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அம்மா அங்கே ஒரு காப்பியோடு உட்காரட்டும்.