புல்லட் 350: பெட்ரோல் மீட்டர் இல்லாத டேங்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தூரம் போகும்?

வார்ப்பிரும்பு_89 கேட்டது:

வண்டி 1989 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு எஞ்சின், மிக்கார்ப் கார்ப்பரேட்டர். ஹெட்லைட்டுக்கு மேலே ஸ்பீடோமீட்டரும் ஆம்பியர் மீட்டரும் மட்டும்தான். பெட்ரோல் மீட்டரும் இல்லை, ட்ரிப் மீட்டரும் இல்லை. மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, ரிசர்வில், அதாவது கடைசிக் கையிருப்பில், எத்தனை லிட்டர் நிற்கும்? ஒரு மெக்கானிக் 1 லிட்டர் என்கிறார், இன்னொருவர் இரண்டரை என்கிறார். இரண்டு, 150 கிலோமீட்டர் ஓடியதுமே ரிசர்வ் வந்தது போல விக்கி அணைகிறது. மூடியைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் நன்றாகத் தெரிகிறது, மறுபடி உதைத்தால் உடனே எடுக்கிறது. மூன்று, ஃப்ளோட் வைத்த மீட்டர் பொருத்தலாமா? அடுத்த மாதம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகத் திட்டம். அதற்குள் இதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்.

---

டேங்க்குழாய் எழுதியது:

ரிசர்வ் பற்றி இரண்டு மெக்கானிக்குகளும் சொன்னது அவரவர் பார்த்த வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்புக்குள்ளே ஆன், ரிசர்வ் என்று இரண்டு வழிகள் உண்டு. டேங்குக்குள் நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் குழாயின் வாய் உயரத்தில் இருக்கும், ஆன் நிலையில் பெட்ரோல் அது வழியாக வரும். ரிசர்வ் துளை அடியிலேயே இருக்கும். குழாயின் உயரம்தான் ரிசர்வின் அளவு. வெளிச்சந்தை டேப்களில் இந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. டேங்கில் நசுங்கல் இருந்தாலோ, துருவுக்காக உள்ளே பூச்சு அடித்திருந்தாலோ அளவு இன்னும் மாறும். ஆகவே யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் டேங்கை நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, திறந்தவெளியில், பக்கத்தில் பூஜை விளக்கோ அடுப்போ இல்லாத இடத்தில் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கார்ப்பரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் ட்யூபைக் கழற்றித் தரையில் வைத்த தகர கேனுக்குள் விடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். டேப்பை ஆன் செய்து, தானாக நிற்கும்வரை வடிய விடுங்கள். நின்றதும் கேனை மாற்றி, டேப்பை ரிசர்வுக்குத் திருப்பி, அளவுக் குவளையில் பிடியுங்கள். குவளையில் வருவதுதான் உங்கள் ரிசர்வ்.

இதில் ஒரு சங்கதி தெரிய வேண்டும். புல்லட் டேங்க், குதிரை முதுகில் சேணம் போட்டது போல ஃப்ரேம் குழாயின் இரு பக்கமும் இறங்கி உட்காரும். நடுவில் மேடு, இருபுறமும் பள்ளம். பெட்ரோல் மேட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் டேப் இல்லாத பக்கத்தில் இருப்பது இந்தப் பக்கம் வராது. ரிசர்வும் தீர்ந்து நின்ற வண்டியை டேப் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்தால் அந்தப் பக்கத்துப் பெட்ரோல் மேட்டைத் தாண்டி வரும், பக்கத்து பங்க் வரை போகலாம். அளக்கும்போதும் கடைசியில் அப்படிச் சாய்த்து, வருவதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதை ரிசர்வ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டேங்க் காலியாக இருக்கும்போதே அளவுக்குச்சியும் செய்துவிடலாம். ஒரு அடி நீளத்துக்கு மூங்கில் பட்டை, வார்னிஷ் அடிக்காதது. மேட்டில் முட்டாமல், மூடித் துளை வழியாகச் சரிவாக விட்டு ஒரு பள்ளத்தின் அடியைத் தொட வேண்டும். செங்குத்தாக விட்டால் குச்சி மேட்டில் நின்றுவிடும், பாதி டேங்க் இருப்பதைக் கால் டேங்க் என்று காட்டும். அரை அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நனைந்த கோட்டில் கத்தியால் கீறுங்கள். பெட்ரோல் நொடியில் ஆவியாகும் என்பதால் குச்சியை எடுத்தவுடனே பார்க்க வேண்டும். மேட்டுக்குக் கீழே இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்காது, அந்தக் கீறல்களை நம்ப வேண்டாம். இரு பக்கமும் சேர்ந்த பிறகு வரும் கீறல்கள்தான் கணக்கு. எப்போதும் அதே பக்கம், அதே சரிவு, சென்டர் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் எல்லாம் பொய்.

---

கார்ப்_ஜெட் எழுதியது:

உங்கள் இரண்டாவது பிரச்சினை பெட்ரோல் தீர்வது இல்லை, மூடியின் காற்றுத்துளை அடைப்பு. "மூடியைத் திறந்து பார்த்தால், உடனே எடுக்கிறது" என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். பெட்ரோல் இறங்க இறங்க, மேலே அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளையில் தூசியும் மெழுகுப் பாலிஷும் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, டேப்பில் வரத்து குறையும். திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை.

உறுதி செய்ய, ட்யூபைக் கழற்றி, மூடியை இறுக்கி மூடிவிட்டு ஐந்து நிமிடம் வடிய விடுங்கள். வரத்து போகப்போக மெலிந்து, மூடியைத் திறந்ததும் பெருகினால் குற்றம் மூடியில்தான். மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துளையில் மெல்லிய கம்பி விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

மூடி திறந்திருந்தும் வரத்து மெலிவாக இருந்தால் டேப்பைக் கழற்றிப் பாருங்கள். எவ்வளவு வந்தால் போதும் என்பதற்குக் கணக்கு: 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் மணிக்கு 3.2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 53 மில்லி. டேப்பில் நிமிடத்துக்கு 200 மில்லி வந்தால் தாராளம். நூறுக்குக் கீழே போனால் டேப்பின் வடிகட்டி வலையில் துரு, அல்லது டேப்புக்குள் இருக்கும் துளை போட்ட ரப்பர் உப்பித் துளையை மூடியிருக்கும்.

டேப்பைக் கழற்றினால் அந்தப் பித்தளைக் குழாயையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பழைய டேப்களில் அது அடியில் தளர்ந்துவிடும், சிலதில் கழன்றே விழுந்திருக்கும். அப்படியானால் ஆன் நிலையிலேயே அடிவரை உறிஞ்சும். விக்கல் வராது, எச்சரிக்கை இல்லை, ரிசர்வுக்குத் திருப்பினாலும் ஒன்றும் இருக்காது. மீட்டர் இல்லாத வண்டியில் இதைவிட மோசமான கோளாறு கிடையாது. டேங்க்குழாய் சொன்ன முறையில் அளக்கும்போது, ரிசர்வில் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் இதுதான் காரணம்.

---

கிலோமீட்டர்_கல் எழுதியது:

தூரக் கணக்குக்கு வருகிறேன். முதலில் ஓடோமீட்டரை, அதாவது ஸ்பீடோமீட்டருக்குள் மொத்தத் தூரம் காட்டும் எண்ணை, நம்பலாமா என்று பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து கேபிளில் ஓடுவது அது. டயர் அளவு மாறியிருந்தாலோ, கேபிளைச் சுழற்றும் டிரைவ் வேறு பற்கணக்கில் மாட்டியிருந்தாலோ நூற்றுக்குப் பத்து கூடத் தவறும். நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் கற்களை எண்ணி, அல்லது கைபேசி ஜிபிஎஸ்ஸில் அளந்து ஒப்பிட்டுத் திருத்த எண்ணைப் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

மைலேஜ் பார்க்க, டேங்கை ஒரே மட்டத்துக்கு நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு தடவையும் சென்டர் ஸ்டாண்டில்தான் நிரப்ப வேண்டும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், மூன்று டேங்கின் சராசரி வேண்டும். நிரப்பும் மட்டம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வருவது வெயிலில் விரியும். 14 லிட்டர் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் கூடும், அது மூடி வழியாக வழிந்து பெயிண்ட்டைக் கெடுக்கும்.

ட்ரிப் மீட்டர் இல்லாத குறைக்கு, நிரப்பும்போது ஓடோமீட்டர் எண்ணை ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். அடுத்து எங்கே நிரப்ப வேண்டுமோ அந்த எண்ணை அதற்குக் கீழே எழுதுங்கள். ஓட்டும்போது கழித்தல் கணக்குப் போட வேண்டியிருக்காது.

எத்தனால் கலப்பதையும் மறக்கக் கூடாது. இப்போது பங்க்களில் வருவது 20 சதவீத எத்தனால் சேர்ந்தது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் நஷ்டம். முன்பு 34 கொடுத்த வண்டி இப்போது 32 கொடுத்தால் எஞ்சினில் குறை தேடாதீர்கள். இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், ரிசர்வ் துளை அதைத்தான் முதலில் உறிஞ்சும். மாதம் ஒருமுறை வீட்டுப் பக்கத்திலேயே சில கிலோமீட்டர் ரிசர்வில் ஓட்டுங்கள், அடியில் துருவும் தண்ணீரும் சேராது. பழைய ரப்பர் ட்யூப் எத்தனாலில் இறுகி வெடிக்கும், எத்தனால் தாங்கும் ட்யூபாக மாற்றிவிடுங்கள்.

---

ஆம்பியர் எழுதியது:

ஃப்ளோட் மீட்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ளோட்டின் அளவை மீட்டருக்கு அனுப்பும் கருவியைப் பொருத்த டேங்கின் அடியில் பெரிய துளை போட்டு வளையம் வெல்டிங் செய்ய வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் உயிருக்கு ஆபத்தான வேலை, ஆவியை முழுக்க நீக்கத் தெரிந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. அதையும் செய்து முடித்தால், ஃப்ளோட் ஒரு பள்ளத்தில்தான் தொங்கும். மேட்டுக்கு மேலே ஒரு அளவு, கீழே வேறு அளவு. முள் பாதிவரை மெதுவாக வந்து, பிறகு சடாரென்று விழும். மீட்டரை வைக்க ஆம்பியர் மீட்டரைக் கழற்றுகிறவர்களும் உண்டு. பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்வது அது ஒன்றுதான், அதை எடுக்காதீர்கள்.

டேப் ட்யூபில் டி இணைப்புப் போட்டு டேங்க் ஓரமாக மேலே ஏற்றும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் மட்டத்தைச் சரியாகக் காட்டும். ஆனால் வெயிலில் மஞ்சளாகி, இறுகி, இணைப்பில் ஒழுகும். சூடான வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு மேலே ஒழுகும் ட்யூப் எனக்குச் சம்மதமில்லை.

---

வார்ப்பிரும்பு_89:

நன்றி ஐயா எல்லோருக்கும். அளந்துவிட்டேன். ஆனில் வடிந்தது போக ரிசர்வ் 1.4 லிட்டர், சாய்த்தபோது வந்தது 0.6. முழு டேங்க் இரண்டு விரல் கீழே 13.6. மூடித் துளை அடைத்திருந்தது, சுத்தம் செய்ததும் அணைவது நின்றுவிட்டது. மைலேஜ் மூன்று டேங்க் சராசரி 32. வால்பாறைக்கு இந்தக் கணக்கு போதுமா?

---

கிலோமீட்டர்_கல்:

ஆன் நிலையில் கிடைப்பது 11.6 லிட்டர். 32ஆல் பெருக்கினால் 371 வருகிறது. எதிர்க்காற்று, சுமை, கியர் மாற்றம் எல்லாம் இருப்பதால் 300 கிலோமீட்டரில் நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் 1.4, காகிதத்தில் 45 கிலோமீட்டர், நம்ப வேண்டியது 35.

மலையில் இந்த 32 கிடைக்காது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாவது கியர். 22 என்று வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், 3 லிட்டர் போதும். போய்வர 6 லிட்டருக்குள்தான். பொள்ளாச்சியில் நிரப்பிவிட்டால் பெட்ரோல் பிரச்சினை இல்லை.

கவனிக்க வேண்டியது இறக்கம். டேப் டேங்கின் பின்பக்கம் இருக்கிறது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஓடி டேப்புக்கு நன்றாகக் கிடைக்கும், இறக்கத்தில் முன்னால் ஓடிவிடும். 3 லிட்டருக்குக் கீழே இருந்தால் இறக்கத்தில் விக்கல் வரும், அதே அளவு ஏற்றத்தில் வந்திருக்காது. 4 லிட்டராவது வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

---

கார்ப்_ஜெட்:

ஒன்று சேர்க்கிறேன். இறக்கத்தில் விக்கினால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இடதுபுறம் ஒதுங்கி நிறுத்திவிட்டு டேப்பைத் திருப்புங்கள், வளைவில் குனிந்து தேட வேண்டாம். பங்கில் நிரப்பியதும், ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன்பே, டேப்பை ரிசர்விலிருந்து ஆனுக்குத் திருப்பி, கையால் தொட்டுப் பாருங்கள். மறந்துவிட்டால் அடுத்த 13 லிட்டரும் ரிசர்விலேயே தீரும்.